யார் கடைசி?

லுபோமிர் தன் குடும்பத்தை வியன்னாவைச் சுற்றிக் காட்ட அழைத்துப் போனது, ஊரில் பாதிப் பேர் போய்விட்டுப் பத்திரமாகத் திரும்பி வந்த பிறகுதான். எதிலும் முதல் ஆளாக நிற்கக் கூடாது என்பது அவன் கொள்கை. முதல் ஆளைத்தான் போட்டோ பிடிப்பார்கள். அந்தப் போட்டோ பிறகு யார் மேஜைக்குப் போகும் என்று சொல்ல முடியாது.

செக் நாட்டில் இருக்கும் எங்கள் பர்னோவிலிருந்து வியன்னா ஒன்றும் தூரமில்லை. பஸ்ஸில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் வந்துவிடும். ஆனால் நாற்பது வருஷமாக நடுவில் முள்வேலியும் நாய்களும் துப்பாக்கிக்காரர்களும் இருந்ததால், அதைவிட நிலவுக்குப் போவதே சுலபம் என்று நினைத்திருந்தோம். எண்பத்தொன்பது நவம்பரில் ஜனங்கள் சதுக்கங்களில் கூடிச் சாவிக்கொத்துகளைக் குலுக்கினார்கள். குலுக்கிய குலுக்கலில் கம்யூனிஸ்ட் அரசாங்கம் கீழே விழுந்தது. டிசம்பரில் வேலி திறந்தது. பாஸ்போர்ட்டைக் காட்டிவிட்டுப் போகலாம், வரலாம். பக்கத்து வீட்டுக்காரன் போனான், பல் டாக்டர் போனார், பள்ளிக்கூடத்துச் சமையல்காரி கூடப் போனாள். ஒருவரையும் யாரும் கைது செய்யவில்லை. இதையெல்லாம் உறுதிப்படுத்திக்கொண்ட பிறகு லுபோமிருக்கும் சுதந்திரத்தின் மேல் பற்று வந்துவிட்டது.

அவன் மரச்சாமான் தொழிற்சாலையில் துணை மேலாளர். பொறுப்பான ஆள். கோட்டின் மார்பில் எல்லாரையும் போல, புரட்சிக்கு அடையாளமாக, நாட்டுக் கொடியின் மூவர்ண நாடா குத்திக்கொண்டான். அதே கோட்டின் உள்பையில் பழைய கட்சி பேட்ஜும் இருந்தது. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டாமா?

அவன் மனைவி மிலாதா குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளுக்கு வியன்னாவில் அரண்மனையும் வேண்டாம், அருங்காட்சியகமும் வேண்டாம். ஒரே ஒரு ஆளைப் பார்க்க வேண்டும். அவள் அண்ணன் வோய்தா. அறுபத்தெட்டில் ரஷ்ய டாங்கிகள் வந்த வாரத்தில், ஒரு தோள்பையோடு எல்லை தாண்டிப் போனவன். அப்போது அவனுக்கு இருபது வயது, இவளுக்குப் பதினேழு. அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

ஓடிப்போனவனின் தங்கைக்குப் படிப்பு எதற்கு என்று, அவள் பிறந்த சின்ன ஊரில் அவளை நர்ஸ் பள்ளியிலிருந்து விரட்டப் பார்த்தார்கள். வோய்தா போன பிறகு அவளுக்கு அறிமுகமாகி, அவளைக் கட்டிக்கொள்ள இருந்த லுபோமிர்தான் யாரையோ பிடித்து, எதையோ பேசி, பர்னோவில் இடம் வாங்கித் தந்தான். பதிலுக்கு அவன் கேட்டது ஒன்றே ஒன்று. வோய்தா என்று ஒருவன் பிறக்கவே இல்லை. புது ஊரில் யார் கேட்டாலும், என் மனைவி வீட்டுக்கு ஒரே பிள்ளை என்பான். அவள் தலையாட்டுவாள். முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் ஆட்டினாள். பிறகு பழகிவிட்டது. பிள்ளைகளையும் அப்படிச் சொல்லியே வளர்த்தார்கள். அந்தப் பொய்யில் தானும் சோறு தின்றவள்தான் என்பதை மிலாதா ஒருநாளும் தனக்குத் தானே மறுத்ததில்லை.

கடைசிக் காலத்தில் அவர்களோடு பர்னோவில் இருந்த அவள் அம்மா இறந்தபோது வியன்னாவிலிருந்து பெரிய மலர்வளையம் ஒன்று வந்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. யாரோ விலாசம் மாற்றி அனுப்பிவிட்டார்கள் பாவம் என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லி, லுபோமிர் அதைத் தூக்கிப் பக்கத்துக் கல்லறையில் சாத்திவைத்தான். அந்தக் கல்லறைக்காரருக்கு உயிரோடு இருந்த காலத்தில் கூட அப்படியொரு மரியாதை கிடைத்திருக்காது. மிலாதா பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அவனை வெறுத்தாள், தன்னை அதைவிட வெறுத்தாள்.

இப்போது வேலி திறந்ததும், அண்ணனைப் பார்க்கலாமா என்று அவள் லுபோமிரிடம் கேட்டாள். அவன் ஜன்னலை மூடிவிட்டு வந்து, சனிக்கிழமை வியன்னாவைச் சுற்றிப் பார்க்கலாம், அண்ணன் விஷயம் ஒரு வருஷம் போகட்டும் என்றான். திறந்தவனுக்கு மறுபடி மூடத் தெரியாதா என்றான். அவள் அதற்கு மேல் வாதாடவில்லை. மறுநாள் தபால் ஆபீஸ் பூத்திலிருந்து, அண்ணனோடு ரகசியமாகத் தொடர்பு வைத்திருந்த தன் சித்தியிடம் வாங்கிய எண்ணுக்கு போன் செய்தாள். சனிக்கிழமை, இரண்டு மணி, ஸ்டீபன் பேராலயத்துப் பெரிய வாசல் என்றாள். நிற்கிறேன் என்றது அந்தப் பக்கத்துக் குரல். வாசலில் அண்ணன் எதிரே வந்து நின்றுவிட்டால், அத்தனை கூட்டத்தில் லுபோமிர் என்ன செய்துவிட முடியும் என்பதுதான் அவள் கணக்கு.

சனிக்கிழமை இருட்டோடு கிளம்பினார்கள். பையில் ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த ஷ்னிட்செல், உருளைக்கிழங்கு சாலட், அவித்த முட்டை, பிளாஸ்க்கில் டீ, ஒரு கழிப்பறைக் காகிதச் சுருள். ஷ்னிட்செலுக்குப் பேர்போன ஊருக்கே அதைக் கட்டிக்கொண்டு போகிறோமே என்ற கூச்சம் எங்களுக்குக் கிடையாது. வெளியூர் என்றால் பொரித்த இறைச்சி. கடலுக்குப் போனாலும் அதுதான், கல்யாணத்துக்குப் போனாலும் வழியில் அதுதான்.

அந்த வாரங்களில் வியன்னாக்காரர்கள் எங்கள் மேல் இரக்கப்பட்டு டிராமை இலவசமாக விட்டிருந்தார்கள். பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். லுபோமிர் குடும்பத்தை ரிங் சாலை டிராமில் ஏற்றினான். நகரத்தை வட்டமடித்துவிட்டுப் புறப்பட்ட இடத்துக்கே வந்தது. பிள்ளைகள் எழுந்தார்கள். உட்காருங்க, இன்னொரு சுற்று என்றான். மூத்தவள் ஷார்காவுக்குப் பன்னிரண்டு வயது, அப்பாவைப் பார்த்து வெட்கப்பட ஆரம்பிக்கும் வயது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னவன் வீதெக்குக்கு ஏழு வயது. அவனுக்கு டிராம் என்றால் டிராம்.

ஜன்னல் வழியே தெரிந்த எல்லாவற்றுக்கும் லுபோமிர் விலை போட்டுக்கொண்டே வந்தான். ஓபரா மாளிகை பரவாயில்லை, நம்மூரில் இருப்பதற்கு வெளிச்சம் போட்டால் இதைவிட நன்றாக இருக்கும். பாராளுமன்றத்தில் தூண் அதிகம். நகரசபைக் கட்டடம் கும்பலுக்கு ஏற்றது, குடும்பத்துக்கு ஏற்றதல்ல. இலவசமாகப் பார்ப்பதைக் குறை சொல்லவும் காசு கேட்கவில்லை பாருங்கள், அதனால் ஆசை தீரச் சொன்னான்.

அடுத்து அருங்காட்சியகம். அதுவும் இலவசம். உள்ளே மரத்தரை முகம் பார்க்கும்படி பளபளத்தது. லுபோமிர் வாசலிலேயே நின்று எதையோ தேடினான். எங்கள் நாட்டுக் கோட்டைகளில் நுழைவாசலில் பெரிய கூடையில் கம்பளிச் செருப்புகள் கிடக்கும். பார்க்க வருபவன் ஷூவின் மேலேயே அதை மாட்டிக்கொண்டு தரையைத் தேய்த்தபடி நடக்க வேண்டும். தரை மெருகேற்றும் வேலையை ஜனங்களின் காலிலேயே கட்டிவிட்ட அரசாங்கம் எங்களுடையது. இங்கே கூடையே இல்லை.

"தீந்துபோச்சு. நம்ம ஆளுங்க முன்னாடியே எல்லாத்தையும் மாட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. ஷூவைக் கழட்டுங்க" என்றான்.

ஆக, லுபோமிரின் குடும்பம் கையில் ஷூவோடு, காலுறையோடு, மன்னர்களின் ஓவியங்களைப் பார்வையிட்டது. வீதெக்கின் இடது பெருவிரல் காலுறைக்கு வெளியே வந்து தானும் பார்வையிட்டது. ஒரு காவலாளி ஓடி வந்து, ஷூவையும் காலையும் மாறி மாறிக் காட்டி ஜெர்மனில் மன்றாடினார். எவ்வளவு மரியாதையான குடும்பம் என்று பாராட்டுகிறார் என்று லுபோமிர் மொழிபெயர்த்தான். பின்னால் வந்த இன்னொரு செக் குடும்பம் இவர்களைப் பார்த்தது, தானும் கழற்றியது. அதற்குப் பின்னால் வந்ததும் கழற்றியது. கொஞ்ச நேரத்தில் அந்த மண்டபத்தில் நாலைந்து குடும்பங்கள் ஷூவைத் தூக்கிக்கொண்டு நடந்தன. அங்கே அடித்த வாடைக்கு மன்னர்கள் செத்துப்போனதே நல்லது. ஷார்கா அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். மிலாதா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பூங்கா பெஞ்சில் சாப்பாடு. ஷ்னிட்செல் குளிரில் விறைத்திருந்தது. சாப்பிட்டு முடித்ததும், பேராலயத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்று மிலாதா பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கோபுரத்தைப் பார்க்காமல் ஊருக்குப் போனால் பல் டாக்டர் சிரிப்பார் என்றும் சேர்த்துக்கொண்டாள். பல் டாக்டர் பெயரைச் சொன்னதும் லுபோமிர் எழுந்துவிட்டான். ஓபரா பக்கத்திலிருந்து நேரே போகும் கடைத்தெருவில் நடந்தார்கள். தெருவின் முனையில் கோபுரம் தெரிந்தது. மிலாதா அடியை எட்டிப் போட்டாள். அண்ணனுக்கு இப்போது முடி நரைத்திருக்குமா, அவன் முதலில் பேசுவானா, தான் பேசுவதா என்று யோசித்துக்கொண்டே நடந்தாள். இன்னும் கொஞ்ச தூரம்தான்.

அப்போதுதான் லுபோமிர் வரிசையைப் பார்த்தான்.

ஒரு பக்கத்துச் சந்தில், சுவரை ஒட்டி, நூறு பேராவது இருக்கும். அத்தனையும் நம் ஜனங்கள். கம்பளித் தொப்பி, துணிப்பை, சலிப்பைத் தாங்கிப் பழகிய முகம். வரிசையைக் கண்டால் முதலில் நிற்க வேண்டும், பிறகுதான் எதற்கு என்று கேட்க வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தாய்ப்பாலோடு வந்தது. கேட்டுவிட்டு நிற்கிறவன், வருஷத்துக்கு ஒருமுறை கடைக்கு வரும் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்ததே கிடையாது. லுபோமிர் வேறொன்றும் யோசிக்கவில்லை. அவன் கால்கள் தாமாகவே திரும்பி அவனைக் கொண்டுபோய் வரிசையின் வாலில் நிறுத்தின.

"யாரு கடைசி?"

"நான்தான்" என்றாள் ஒரு பருத்த பெண்மணி, திரும்பாமலேயே.

"என்ன குடுக்கறாங்க?"

"தெரியல. ஆனா நகருது."

நகருகிறது என்றால் தருகிறார்கள், தருகிறார்கள் என்றால் தீரப்போகிறது. லுபோமிரின் முகத்தில் அன்று முதன்முதலாகச் சந்தோஷம் வந்தது. டிராமும் ஓவியமும் தராத நிம்மதியை அந்த வரிசை தந்தது. வீட்டுக்கு வந்துவிட்டது போல் இருந்தது அவனுக்கு.

நீ நில்லு, நானும் பிள்ளைகளும் பேராலயத்தைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறோம் என்றாள் மிலாதா. அவன் அவளை ஒரு கைக்குழந்தையைப் பார்ப்பது போல் பார்த்தான்.

"தலைக்கு ஒண்ணுன்னு சொல்லிட்டா? நாம நாலு தலை. கோயில் எங்கயும் போகாது, எழுநூறு வருஷமா அங்கதான் நிக்குது."

வரிசையில் வதந்திகள் பின்னாலிருந்து முன்னாலும் முன்னாலிருந்து பின்னாலும் ஓடின. காபி என்றார்கள். வாழைப்பழம் என்றார்கள். வியன்னா மேயரே சின்ன ரேடியோ தருகிறாராம், செக் ஜனங்களுக்கு மட்டும் என்றார் ஒருவர். அவருடைய மைத்துனர் ஒன்று வாங்கிவிட்டாராம். முன்பக்கத்திலிருந்து திரும்பி வந்தவர்கள் கையில் ஒன்றுமே இல்லை என்பதை எல்லாரும் கவனித்தார்கள். அவர்களை நிறுத்திக் கேட்டால், நீங்களே போய்ப் பாருங்க, தெரியும் என்று ஒரு மேதாவிச் சிரிப்போடு போனார்கள். வீணாக நின்றேன் என்று வாய்விட்டு ஒப்புக்கொள்ளும் செக் இன்னும் பிறக்கவில்லை. கையில் ஒன்றும் இல்லாததைப் பார்த்த லுபோமிர், அப்படியென்றால் விலாசம் எழுதிக்கொண்டு வீட்டுக்கே அனுப்புகிறார்கள், பெரிய சாமான்தான் என்று முடிவு கட்டினான். பின்னால் நின்றவர்களுக்கும் அதைச் சொன்னான். சற்று நேரத்தில் அது குளிர்சாதனப் பெட்டியாக வளர்ந்து அவனிடமே திரும்பி வந்தது.

கோபுர மணி இரண்டு முறை அடித்தது.

மிலாதா சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். இரண்டு தெரு தள்ளி அண்ணன் நிற்கிறான். இங்கிருந்து ஓடினால் மூச்சு வாங்குவதற்குள் போய்விடலாம். நடுவில் வேலி இல்லை, நாய் இல்லை. ஆனாலும் அவள் நின்றாள். இடத்தை விட்டால் போய்விடும் என்ற பயம் அவளுக்கும் இருந்தது, என்ன இடம் என்று தெரியாமலேயே. வரிசை இரண்டு அடி நகர்ந்தது. அவளும் நகர்ந்தாள். எப்போது தன் காலும் சேர்ந்து நகர்ந்தது என்று நினைத்தபோது அவளுக்கே ஆத்திரமாக வந்தது.

கழிப்பறைக்குப் போகவேண்டும் என்றாள். அடக்கிக்கொள் என்றான் லுபோமிர். அடக்கினது போதும் என்று சொல்லிவிட்டு நடந்தாள். பின்னாலிருந்து, மூணுதான் கிடைக்கும், அப்புறம் என்னைச் சொல்லாதே என்ற குரல் வந்தது. சந்து முனையைத் தாண்டியதும் ஓட ஆரம்பித்தாள்.

பெரிய வாசலில் தேர்த்திருவிழாக் கூட்டம். பாதிப் பேர் யாரையோ தேடிக்கொண்டிருந்தார்கள். இவள் வயதொத்த ஒரு பெண் படிக்கட்டில் ஒரு கிழவரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். மிலாதா நாற்பது வயது மதிக்கத்தக்க ஆண்கள் ஒவ்வொருவராகப் பார்த்தாள். ஒருவரின் சட்டைக்கையைப் பிடித்து இழுத்தே விட்டாள். அவர் திரும்பி ஜெர்மனில் ஏதோ கேட்டார். வாசலைச் சுற்றி வந்தாள், உள்ளே போய்ப் பார்த்தாள், மறுபடி வெளியே வந்து நின்றாள். வோய்தா இல்லை.

கோபம் வந்தது அவளுக்கு. இத்தனை வருஷம் பொறுத்தவனுக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிற்கத் தெரியவில்லையா? பிறகு அந்தக் கோபம் இருக்கவேண்டிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவன் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? வந்து, பார்த்து, தங்கை வழக்கம்போலப் பயந்துவிட்டாள் என்று போயிருப்பான். அவன் இடத்தில் இருந்தால் தானும் அப்படித்தான் நினைத்திருப்பாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள்.

வரிசையில் அவர்கள் வெகுவாக முன்னேறியிருந்தார்கள். லுபோமிர் தனக்குப் பின்னால் நின்ற ஒருவரிடம் கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். நல்ல கம்பளிக் கோட்டு, தொப்பி இல்லாத தலை, நரைத்த முடி. அந்த மனிதர் லுபோமிர் கொடுத்த ஷ்னிட்செலைக் கையில் வைத்து மெல்லச் சாப்பிட்டபடி கேட்டுக்கொண்டிருந்தார். வீதெக் லுபோமிரின் கையுறைகளைப் போட்டுக்கொண்டிருந்தான். லுபோமிரின் விரல்கள் குளிரில் சிவந்திருந்தன. கெட்டவன் இல்லை அவன். பயந்தவன், அவ்வளவுதான். பயந்தவனோடு வாழ்வது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்தவளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தோன்றவில்லை.

கோட்டுக்காரர் தலையைத் திருப்பினார். அம்மாவின் மூக்கு. அம்மாவின் கண்ணிமை. மிலாதா நடுத்தெருவில் நின்றுவிட்டாள்.

"வா வா. சாரைப் பாரு, நம்மூர்க்காரர், இங்கயே ரொம்ப வருஷமா இருக்காராம். அருமையான மனுஷன்" என்றான் லுபோமிர். வந்தவர் பெயரை அவன் கேட்டிருக்கவில்லை. கேட்டால் தன் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும் அல்லவா? ஆனால் மற்ற எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். தன் உத்தியோகம், குளிர்சாதனப் பெட்டி பற்றிய தன் ஊகம், ஓடிப்போனவர்கள் ஊரில் விட்டுப்போன சொந்தங்களுக்குச் செய்த துரோகம், தன் குடும்பத்தில் அப்படிப்பட்ட கறையே இல்லாதது.

அந்த மனிதர் அவளைப் பார்த்தார். முகத்தில் எதுவும் காட்டவில்லை. கைக்குட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினார்.

"வணக்கம்மா. உங்க வீட்டுக்காரர் எல்லாம் சொன்னார். நீங்க வீட்டுக்கு ஒரே பிள்ளையாமே?"

"ஆமா" என்றாள் மிலாதா.

சொல்லிவிட்டாள். யோசித்துச் சொல்லவில்லை. இருபத்தொரு வருஷமாக இந்தக் கேள்விக்கு அந்த வாய்க்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான். சொன்ன பிறகுதான் அது அவள் காதுக்கே எட்டியது.

அவர் அவள் கையைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு விடுவித்தார். தலையை அசைத்தார். ஷ்னிட்செல் நன்றாக இருந்தது என்று லுபோமிரிடம் சொன்னார். ஷார்காவின் முகத்தை இன்னொரு முறை பார்த்தார். வீதெக்கின் தொப்பியைச் சரிசெய்தார். பிறகு வரிசையை விட்டு விலகிச் சந்தின் மறுமுனையைப் பார்த்து நடந்தார்.

"பாத்தியா, இவ்வளவு நேரம் நின்னுட்டு, நம்ம முறை வர்ற நேரத்துல போறார். இங்கயே இருந்து இருந்து பொறுமை போயிடுச்சு இவங்களுக்கு" என்றான் லுபோமிர்.

முன்னால் நின்ற பருத்த பெண்மணி ஒதுங்கினாள். அவர்கள் முறை வந்தது.

அது ஒரு பொம்மைக் கடையின் கண்ணாடி ஜன்னல். கடை பூட்டியிருந்தது. ஜன்னலுக்குள் பஞ்சுப் பனி தூவிய ஒரு அட்டை மலை. மலையைச் சுற்றி ஒரு பொம்மை ரயில் ஓடியது. குகைக்குள் போனது, வெளியே வந்தது, கூவியது, மறுபடி போனது. அவ்வளவுதான். காலையில் எந்தக் குழந்தையோ அதைவிட்டு நகரமாட்டேன் என்று அடம்பிடித்திருக்கும். அதன் அப்பன் பின்னால் நின்றிருப்பான். அவனைப் பார்த்த இன்னொருவன் கடைசி யார் என்று கேட்டிருப்பான். அதற்குப் பிறகு இந்த வரிசைக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

லுபோமிர் ஜன்னலின் மேலே பார்த்தான், கீழே பார்த்தான். அவன் முகத்தில் ஒன்று விழுந்து உடைந்தது. உடனே அதைப் பொறுக்கி ஒட்டவைத்துவிட்டான்.

"அருமையா இருக்கு இல்ல? நின்னது வீண் போகல" என்றான், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி.

மிலாதா அந்த ரயிலைப் பார்த்தாள். இதற்காகவா என்று நினைத்தாள். பிறகு அவள் திரும்பி ஓடினாள். ஓடிக்கொண்டே, இருபத்தொரு வருஷமாக வீட்டுக்குள் கூடச் சொல்லாத பெயரை அந்தச் சந்தே அதிரும்படி கூப்பிட்டாள்.

"வோய்தா!"

முனையில் அவன் நின்றான். அவள் போய் அவன் கோட்டுக் காலரைப் பிடித்துக்கொண்டாள், விட்டால் போய்விடுவான் என்பது போல்.

"வாசல்ல ஏன் நிக்கல நீ?"

"நின்னேன். மணி அடிச்சும் உன்னைக் காணோம். நம்ம ஜனத்தைக் கோயில்ல தேடி என்ன பிரயோசனம், வரிசை எங்க இருக்குன்னு தேடிட்டு வந்தேன். உன் பொண்ணைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. சின்ன வயசுல நீ இருந்த அதே மூஞ்சி."

"அப்புறம் ஏன் சொல்லல, நான்தான்னு?"

"நான் சொல்லி என்ன ஆகப்போகுது மிலாதா? நீ சொல்லணும்னு இருந்தேன்."

பிள்ளைகள் இரண்டும் பின்னாலேயே ஓடி வந்திருந்தன. யாரும்மா இவர் என்று ஷார்கா கேட்டாள். மிலாதா கண்ணைத் துடைக்கவில்லை, குரலையும் தாழ்த்தவில்லை.

"உங்க மாமா. என் கூடப் பிறந்த அண்ணன். இவன் இல்லவே இல்லைன்னு சொல்லித்தான் உங்களை வளர்த்தேன். பொய் சொன்னேன்."

வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். லுபோமிர் ஜன்னலோரத்தில் நின்ற இடத்திலேயே நின்றான். அந்த அண்ணனையும் தங்கையையும் அவன் பார்க்கவில்லை. யார் யார் காதில் விழுந்தது என்றுதான் சுற்றுமுற்றும் பார்த்தான். தெரிந்த முகம் இருக்கிறதா என்று தேடினான். கை தானாகவே மார்புப் பக்கம் போய், பழைய பேட்ஜ் இருந்த உள்பையைத் தொட்டுவிட்டு வந்தது.

"லுபோமிர், வா" என்று கூப்பிட்டாள் மிலாதா. நிஜமாகவே கூப்பிட்டாள். அவன் வரவேண்டும் என்று அந்த நேரத்தில் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது.

அவனுக்கு அடுத்தபடி நின்ற ஒருவர் இவர்களையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அவங்க உங்க ஆளுங்களா என்று கேட்டார்.

"இல்லீங்க. நான் தனியா வந்தேன்" என்றான் லுபோமிர்.

மிலாதாவுக்கு அது தெளிவாகக் கேட்டது. ஷார்காவுக்கும் கேட்டது. மகள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். மிலாதாவுக்கு அவன் மேல் கோபம் வரவில்லை. அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக வாயில் வந்து நிற்கும் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் இன்னொரு முறை அவனைக் கூப்பிடவும் இல்லை. ஒரு கையில் மகளையும் ஒரு கையில் மகனையும் பிடித்துக்கொண்டு அண்ணனோடு நடந்தாள்.